இருமிவிட்டு உள்ளே வரவும்

போன மாதம் வத்தளையில் ஒரு சுப்பர் மார்க்கெட்டில் என் மனைவி குளிர்ப்பெட்டிக்குள் கையை விட்டு ஒரு பொதியை எடுத்தாள். வெள்ளை வெளேரென்று, முள் இல்லாமல், தோல் இல்லாமல், மணம்கூட இல்லாமல் இரண்டு மீன் துண்டுகள்.

"பாசா மீனாம். புள்ளைங்களுக்கு முள்ளெடுக்கிற வேல மிச்சம்" என்றாள்.

பொதியின் மூலையில் பெருவிரல் அகலத்துக்கு அந்த மீனின் படம் இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். கறுத்த முதுகு, வெளுத்த வயிறு, சுறாவுக்கு இருப்பது மாதிரி நிமிர்ந்த செட்டை. கண் இருக்கவேண்டிய இடத்தைவிடக் கொஞ்சம் கீழே இறங்கி இருந்தது. வாயோரம் சிறு மீசை.

"இவர எனக்குத் தெரியும்" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

பக்கத்தில் தயிர்ச் சட்டி பொறுக்கிக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். மனைவி பொதியை இருந்த இடத்தில் வைத்தாள். நான் ஒரு கதையைத் தொடங்கினால் அது அங்கேயே நின்று முடியாது என்பது அவளுக்குப் பழக்கம். அன்று வீட்டில் பருப்பும் கத்தரிக்காயும்தான். சாப்பிட்டபிறகும் என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. குசினிக்கும் முன்கதவுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். அவளிடம் பாதி சொன்னேன். மீதியையும் சேர்த்து உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

மணமே இல்லாத மீன் என்றேனே, எனக்கு அந்த மீனின் ஞாபகம் முழுக்க முழுக்க மணம்தான். அதுவும் மீனின் மணமில்லை, இறப்பரின் மணம். நான் றக்வானைப் பக்கத்துத் தேயிலை மலையில் பிறந்தவன். கொழுந்து வாடுகிற வாசத்தில் வளர்ந்த மூக்கு. முதல் வேலை கிடைத்ததோ கஹவத்தையில் பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் வருகிற ஒரு தோட்டத்தில். பாதித் தேயிலை, பாதி இறப்பர். தோட்டத்தின் பெயரை எழுதமாட்டேன். சம்பந்தப்பட்டவர்களில் சிலர் இன்னும் இருக்கிறார்கள், நல்லவர்களும்கூட. அங்கே மரத்தில் உறைந்த ஒட்டுப்பாலைச் சாக்கில் கட்டிப் போட்டிருப்பார்கள். அது அழுகுகிற நாற்றம் சோற்றில், தலையணையில், கழுவிக் காயப்போட்ட சட்டையில் எல்லாம் ஏறும். முதல் வாரம் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. இரண்டாவது மாதத்தில் அந்த நாற்றம் எங்கே போனது என்று தேடவேண்டியிருந்தது. மனிதன் எதற்கும் பழகிவிடுகிறான் என்று எழுதலாம்தான். ஆனால் நான் சொல்லவந்தது பழகாத இரண்டு பேரைப் பற்றி.

தொண்ணூற்றி நாலு என்று ஞாபகம். ஜூனியர் கிளாக்கராகச் சேர்ந்தேன். எனக்கு ஒதுக்கியிருந்த அறையில் கூரை ஒழுகியதால், பெரிய கிளாக்கர் என்னை டிஸ்பென்சர் ஐயாவின் குவாட்டர்ஸில் தங்கச் சொன்னார். பக்கத்து அறை, மூன்று வேளைச் சாப்பாடு. தோட்டத்து மருந்துச்சாலையில் மருந்து கொடுப்பவர் அவர். லயத்து வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளர்களுக்கு டாக்டர் ஐயா. இனி நானும் ஐயா என்றே சொல்கிறேன்.

தகரப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு போனேன். கதவு திறந்திருந்தது. கதவில் ஒரு மட்டை அட்டை. அதில் குண்டு குண்டான அழகான எழுத்தில், 'இருமிவிட்டு உள்ளே வரவும்' என்று எழுதியிருந்தது. டிஸ்பென்சர் வீடல்லவா, சயரோகக்காரர்களுக்கான அறிவிப்பு என்று நினைத்தேன். எனக்கு இருமல் இல்லை. ஆகவே நேரே உள்ளே போனேன்.

அரை இருட்டான அறையில் சுவரோரமாக ஏதோ வெடித்தது. ஒரு வாளித் தண்ணீரை யாரோ முகத்தில் வீசியது போலிருந்தது. நான் பெட்டியைப் போட்டேன். அந்தச் சத்தத்துக்கு மறுபடி ஒரு வெடிப்பு. உள்ளேயிருந்து வெள்ளைப் பனியனோடு ஒருவர் ஓடிவந்தார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சுவரோரம் குந்தி, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, மனுசந்தான்" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தண்ணீர் அடங்கியபிறகுதான் எழுந்தார்.

"தம்பிக்கு வாசிக்கத் தெரியுமா?"

"தெரியுங்க."

"கிளாக்கர் வேலைக்குத்தானே வந்திருக்கீங்க?"

"ஆமாங்க."

"அப்ப சரி. வெளிய போயி இருமிட்டு வாங்க."

வெளியே போனேன். இருமினேன். உள்ளே வந்தேன். அப்போதுதான் பார்த்தேன். சுவரை ஒட்டி ஏழடி நீளத்துக்கு, மூன்றடி அகலத்துக்கு ஒரு சிமெந்துத் தொட்டி. முன்பக்கம் மட்டும் தடித்த கண்ணாடி. அதற்குள் இரண்டு கெளுத்திகள், ஒவ்வொன்றும் என் கை நீளம். ஒன்றின் மூக்கு நுனியில் ஊதா மருந்து பூசியிருந்தது. சிரங்கு வந்த லயத்துப் பிள்ளைகளின் முழங்காலில் ஐயா பூசுகிற அதே ஊதா.

பெரியதற்குப் பெரிய தொரை என்றும் மற்றதற்குச் சின்ன தொரை என்றும் பெயர். வீட்டுக்குள் மட்டும் புழங்கிய பெயர்கள். தோட்டத்தில் பெரிய தொரை என்றால் மேனேஜர். உங்களுக்குக் குழப்பம் வேண்டாமென்று மேனேஜரை மேனேஜர் என்றே எழுதுகிறேன். எங்களுக்கு அன்று அந்த வசதி இல்லை. ஒருமுறை மேனேஜர் ஊசி போட வந்து முன்னறையில் இருந்தபோது, அம்மா, அதாவது ஐயாவின் மனைவி, குசினியிலிருந்து, "பெரிய தொரை இன்னும் திங்கலீங்களா? நேத்துப் போட்டதே அடியில கெடக்குது" என்று கூப்பிட்டுக் கேட்டார். ஐயா ஊசியை வைத்துவிட்டு எழுந்துபோய்க் குசினிக் கதவைச் சாத்தினார்.

அந்த மீன்கள் வந்த கதை சின்னது. இறப்பர்ப் பால் வெட்டுகிற ஒரு பெண்ணுக்குக் காலில் ஆறாத புண். ஐயா மாதக்கணக்கில் கட்டுக் கட்டி ஆற்றினார். கொழும்பில் மீன் தொட்டிக் கடையொன்றில் வேலை செய்த அவளுடைய மகன், நன்றிக்கு ஒரு பொலித்தீன் பையில் இரண்டு விரல் நீள மீன்களைக் கொண்டுவந்து கொடுத்தான். 'சுறாங்கய்யா' என்றானாம். ஐயா ஒரு வருசம் சுறா வளர்க்கிறேன் என்றே சொல்லித் திரிந்தார். பிறகு இரத்தினபுரி நூலகத்தில் ஒரு புத்தகத்தைப் புரட்டியபோதுதான் அது கெளுத்தி என்று தெரிந்தது. "ஆத்துல தூண்டில்ல மாட்டுறானே, அவனுக்குச் சொந்தக்காரன். கொஞ்ச நாளு எனக்கு வெக்கமா இருந்துச்சு தம்பி. ஆனா அதுக்குள்ள அதுங்க ஒரு அடி வளந்திருச்சி."

முகம் கழுவுகிற பேசினிலிருந்து கண்ணாடித் தொட்டிக்கு, அதிலிருந்து பெரிய கண்ணாடித் தொட்டிக்கு, கடைசியில் தோட்டத்து மேசனைப் பிடித்துச் சுவரோடு சேர்த்துக் கட்டிய இந்தச் சிமெந்துத் தொட்டிக்கு. கம்பனி வீட்டுக்குள், கம்பனியைக் கேட்காமல். "முப்பத்திரண்டு வருச சர்வீஸ்ல நான் கட்டுன ஒரே கட்டடம் இதுதான்" என்பார். நாலு தோட்டம் மாறி, நாலு குவாட்டர்ஸில் குடியிருந்தவர். நான் அதை அப்போது ஒரு பகிடியாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

என்ன போட்டாலும் தின்னும். சோற்று உருண்டை, பாண் ஓரம், அவித்த பருப்பு, மண்புழு, மாசத்தில் ஒரு நாள் டின் மீன். செதிள் இல்லாத மீன் என்பதால் மருந்து பாதி அளவுதான் என்று ஐயா தானே கண்டுபிடித்திருந்தார். அதற்கு முந்தி ஒருமுறை புண் கழுவுகிற கொண்டீஸ் மருந்தைக் கரைத்து ஊற்றியதில் இரண்டும் செத்துப்போகப் பார்த்தனவாம். மருந்துச்சாலையின் இறப்பர்க் குழாய் ஒன்றை வைத்து வாரத்துக்கு ஒருமுறை கால்வாசித் தண்ணீரை உறிஞ்சி வெளியே விடுவார். அந்தக் குழாய் முன்பு எதற்குப் பயன்பட்டது என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

ஆனால் எத்தனை செய்தும் அவற்றுக்கு ஒரு நிம்மதி இல்லை. ஆற்றிலே நூறு, ஆயிரம் என்று கூட்டமாகப் போகிற சாதியாம். இரண்டை மட்டும் பிரித்து வைத்தால் எல்லாவற்றுக்கும் பயம். நிழலுக்குப் பயம், மின்னலுக்குப் பயம், கீழே விழுகிற கரண்டிக்குப் பயம். ஆள் வருவது அவற்றுக்கு முன்கூட்டியே தெரியட்டும் என்றுதான் அந்த இருமல். பயந்தால் மூக்கால் போய்க் கண்ணாடியில் இடிக்கும். மற்ற நேரமெல்லாம் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு, திரும்ப இந்தச் சுவருக்கு. உட்கார்ந்தால் கால் ஆட்டுகிற வியாதி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தால் என் கால் அவற்றின் திரும்பலோடு சேர்ந்துகொள்ளும். அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அங்க ரெண்டு, இங்க ஒண்ணு" என்பார்.

நாங்கள் மட்டும் என்ன வாழ்ந்தோம். சுற்றிவரச் சிங்களக் கிராமங்கள். நல்ல சனங்கள், கலியாணத்துக்கும் சாவுக்கும் வருவார்கள், போவோம். ஆனாலும் கொழும்பில் எங்காவது ஒரு குண்டு வெடித்தால் அந்த வாரம் மலைக்கு ஜீப் ஏறும். குளிக்கப் போனாலும் அடையாள அட்டையைச் சோப்புப் பெட்டியோடு கொண்டுபோனவர்கள் நாங்கள். அப்படி ஒரு முற்பகல் பொலிஸார் வீட்டுக்குள் வந்தார்கள். அவர்கள் கதவு அட்டையை வாசிக்கவுமில்லை, இருமவுமில்லை. தொட்டித் தண்ணீர் வெடித்ததும் முன்னால் வந்த இளம் கான்ஸ்டபிள் பின்னால் துள்ளித் துவக்கைக் கண்ணாடிக்கு நேரே நீட்டிவிட்டான். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

ஐயா மெதுவாக இரண்டு கையையும் விரித்துக்கொண்டு துவக்குக்கும் தொட்டிக்கும் நடுவில் போய் நின்றார். "மாலு, மாத்தயா. மாலு விதரய்" என்றார். மீன்தான் சேர், வெறும் மீன்தான்.

பின்னால் நின்ற சார்ஜன்ட் முகத்துத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். கிட்ட வந்து குனிந்து பார்த்தார். என்ன தின்னும், எத்தனை வயது என்று கேட்டார். என் அடையாள அட்டையை இரண்டுதரம் திருப்பிப் பார்த்துவிட்டுத் தந்தார். போய்விட்டார்கள். பார்த்தால் இரண்டு மீனும் அடியில் ஒருபக்கமாகச் சரிந்து கிடந்தன.

"செத்துப்போச்சுங்களா?"

"இல்ல, ரொம்பப் பயந்தா இப்பிடித்தான் கெடப்பானுங்க. கொஞ்சத்துல எழும்பிருவானுங்க." பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்களும் போயி கொஞ்சம் படுங்க தம்பி" என்றார்.

மூன்றாவது வருசம் ஐயாவுக்கு ஓய்வு பெறுகிற வயது வந்தது. இன்ன திகதிக்குள் குவாட்டர்ஸைக் காலி செய்து தரவேண்டும் என்று கம்பனி கடிதம். ஆங்கிலக் கடிதங்கள் அடிப்பது யார்? நான். கார்பன் தாள் வைத்து மூன்று பிரதி. காலையில் அடித்தேன், பியூன் கொண்டுபோய்க் கொடுத்தான், பகலுக்கு நான் அதே வீட்டில் விரலில் கார்பன் மையோடு போய்ச் சாப்பிட உட்கார்ந்தேன். அம்மா வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூடப் போட்டார். ஐயா சாப்பிட்டுக் கை கழுவினார். பிறகு துவாயை எடுத்துக்கொண்டே, "எக்கமொடேஷனுக்கு ரெண்டு எம் வரும் தம்பி. நீங்க ஒண்ணுதான் அடிச்சிருக்கீங்க" என்றார்.

அவர் பதில் எழுதினார். காலி செய்வதில் தனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் இரண்டரை அடி நீளமான இரண்டு மீன்கள் இருக்கின்றன, தொட்டி சுவரோடு கட்டப்பட்டது, பொருத்தமான இடம் கிடைக்கும்வரை அவகாசம் தேவை என்று. மேனேஜர் அதைக் கந்தோரில் கிளாக்கர்மாருக்கு முன்னால் உரத்து வாசித்தார். எல்லாரும் சிரித்தோம். ஒரு மாதம் கொடுத்தார். ஒரு மாதம் போய் இரண்டாவது கடிதம் அடித்தேன். ஐயாவின் பதில் இந்தமுறை இரண்டு பக்கம், அந்த இன மீன்களின் சுபாவம் பற்றிய விளக்கத்தோடு. மறுபடியும் அவகாசம். தோட்டத்தில் அந்த வீட்டுக்கு மீன் பங்களா என்று பெயர் விழுந்தது. கிழவனுக்கு மீன் பைத்தியம் என்றார்கள். பஸ்ஸில் சிநேகிதர்களிடம் நானும் அப்படிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவர் சோற்றைத் தின்றுகொண்டுதான்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. கண்டிப் பக்கத்துச் சிங்கள இளைஞர், என்னைவிட ஏழெட்டு வயது கூடியவர். ஒருநாள் என்னைக் கந்தோர் ஜன்னலுக்குக் கூப்பிட்டுக் காட்டினார். புதிதாக நியமனமாகி வந்த டிஸ்பென்சர், மனைவியோடும் கைக்குழந்தையோடும் மருந்துச்சாலையின் பின்னறையில் போத்தல்களுக்கு நடுவே குடியிருந்தார். ஸ்ட்ரெச்சர் கம்பியில் குழந்தையின் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன.

"கிளாக், அந்தப் புள்ளைக்கும் ஒரு வீடு வேணுந்தானே?" என்றார் அவருடைய தோட்டத்துத் தமிழில்.

வேண்டும்தான். அந்தக் குழந்தையின் துணி ஒரு கண்ணில், ஐயாவின் தொட்டி ஒரு கண்ணில். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எல்லாருக்கும் நல்லவனாகிவிட வேண்டும் என்ற ஒரு அரிப்பு எனக்கு எப்போதும் உண்டு. மீனுக்கு இடம் கிடைக்காததுதானே தடை, நான் தேடித் தருகிறேன் என்று கிளம்பினேன். ஐயாவிடம் சொல்லவில்லை. திடீரென்று சொல்லிச் சந்தோசப்படுத்தலாமே.

ஞாயிற்றுக்கிழமைகளில் அலைந்தேன். நிவித்திகலைப் பக்கம் ஒரு பன்சலையில், அதாவது பௌத்த விகாரையில், அழகான குளம் இருந்தது. அங்கிருந்த பிக்கு ஹாமுதுரு பொறுமையாகக் கேட்டுவிட்டு, என்ன தின்னும் என்றார். எதையும் தின்னும் என்றேன். அவர் தன் குளத்துக் குஞ்சு மீன்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார். நான் கும்பிட்டுவிட்டு வந்தேன். இரத்தினபுரியில் ஒரு மாணிக்க வியாபாரி வீட்டுத் தடாகத்தைக் கேள்விப்பட்டுப் போனேன். காவல்காரன் கேட்டைத் திறக்கவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதித் தரச் சொன்னார்கள். கடிதம் என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்து வந்துவிட்டேன்.

கடைசியில் கஹவத்தை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், நான் வழக்கமாகத் தேத்தண்ணி குடிக்கிற ஹோட்டலிலேயே இடம் கிடைத்தது. முதலாளி ஒரு ஹாஜியார். வாசலோரத்தில் எட்டடிக்கு ஒரு கண்ணாடித் தொட்டி கட்டித் தங்க மீன் விட்டிருந்தார், எல்லாம் செத்து, வெறும் தொட்டியில் சோடாப் போத்தல் அடுக்கியிருந்தது.

"கொண்டு வாங்க மகன். இவ்வளவு பெரிய மீனாயிருந்தா, பாத்துக்கிட்டே சனம் ரெண்டு பராட்டா கூடத் திண்ணும்" என்றார்.

திங்கட்கிழமை காலை மூன்றாவது கடிதம் என் மெசினில் பாதி அடித்தபடி இருந்தது. நான் அதை உருவி எடுத்து மடித்து வைத்துவிட்டு நேரே மேனேஜரிடம் போனேன். ஏன் முதலில் ஐயாவிடம் போகவில்லை? இத்தனை வருசமாக என்னையே கேட்டுக்கொள்கிற கேள்வி. அந்தக் கடிதத்தை அடிக்காமல் தப்பினால் போதும் என்றிருந்தது, அவ்வளவுதான்.

"சேர், மீனுக்கு எடம் கெடச்சிருச்சி."

மேனேஜர் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். உடனே ஐயாவுக்கு ஆள் அனுப்பினார். ஐயா வெள்ளைச் சட்டையில் வந்து மேசைக்கு முன்னால் நின்றார்.

"டிஸ்பென்சர், கரச்சல் முடிஞ்சி போச்சி. உங்க கிளாக் மீனுக்கு வீடு தேடிக் குடுத்தது. லொறி நான் தாறது."

ஐயா என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். அவர் முகத்தில் கோபம் வந்திருந்தால் நான் இன்று இதை எழுதவேண்டியிருக்காது. கோபம் இல்லை. படி இருக்கிறதென்று காலை வைத்து, அங்கே படி இல்லாதவனின் முகம் அது.

"ரொம்ப நல்லது சேர்" என்றார். "என்னைக்கு?"

வியாழக்கிழமை என்று முடிவாயிற்று.

பகல் சாப்பாட்டுக்குப் போனேன். ஐயா மேசைக்கு வரவில்லை. நான் அம்மாவிடம் ஹாஜியாரைப் பிடித்த கதையை, பன்சலைக் குளத்துக் கதையையெல்லாம் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். அம்மா கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தார். என் எதிரில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"மீனுக்கு எடம் பாத்துட்டீங்க தம்பி. எங்களுக்கு?"

"ஏன், பண்டாரவளையில ஐயாவோட தம்பி வீட்டுல..."

அவர் எழுந்துபோய் அலுமாரித் துணிக்கடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து வந்து வைத்தார். நாலு மாதத்துக்கு முந்திய கடிதம். மகனுக்குக் கலியாணம் முடிந்துவிட்டது, உங்களுக்கென்று சொன்ன அறையை அவர்களுக்குக் கொடுக்கவேண்டியதாயிற்று, அண்ணனும் அண்ணியும் குறை நினைக்கவேண்டாம்.

"பதுளையில உங்க மக வீடு?"

"அங்க அவ மாமன், மாமி, கொழுந்தனுங்க ரெண்டு பேரு. மூணு ரூம்பு. நாங்க போயி எங்க நிக்கிறது?"

"ஐயா இத மேனேஜர்கிட்ட சொல்லியிருக்கலாமேங்க..."

"என்னான்னு சொல்லுவாரு? ஊருக்கே மருந்து குடுத்த மனுசன், போக்கிடம் இல்லாம நிக்கிறேன்னா? மீனுக்கு எடம் இல்லன்னு சொன்னா சிரிப்பாங்க. சிரிச்சா சிரிக்கட்டும், அதுக்குள்ள எங்கயாச்சும் ஒரு வீடு பாத்துருவோம்னுதான் இருந்தாரு."

பாதிச் சோற்றில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தேன்.

ஐயா தொட்டியில் குழாய் போட்டுத் தண்ணீர் இறக்கிக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை பிடிப்பதற்கு வசதியாக அன்றைக்கே கொஞ்சம் குறைத்து வைக்கிறாராம். நான் வாசலில் நின்று இருமிவிட்டுப் போனேன்.

"ஹாஜியார் வேணாம்னு சொல்லிட்டாருன்னு மேனேஜர்கிட்ட சொல்லிடவாங்க?"

"வேணாம் தம்பி. ஒரு பொய்ய நாலு மாசம் தூக்கிட்டுத் திரிஞ்சேன். இடுப்பு விட்டுப்போச்சு." குழாயைக் கொஞ்சம் நகர்த்தினார். "நீங்க என்னத்த செஞ்சிட்டீங்க? எனக்கு நல்லதுன்னுதானே செஞ்சீங்க."

நான் அதை எனக்கு நல்லதென்றுதான் செய்தேன். அதை அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

வியாழக்கிழமை லயத்திலிருந்து பத்துப் பேராவது வந்திருப்பார்கள். உறையாமலிருக்க மருந்து கலந்து இறப்பர்ப் பால் கொண்டுபோகிற பீப்பாய் ஒன்றை உருட்டி வந்தார்கள். ஐயா தலையை உள்ளே விட்டு முகர்ந்து பார்த்து, "அமோனியா. செத்துருவானுங்க" என்று திருப்பி அனுப்பினார். பிறகு, வேலைக்குப் போகிறவர்களின் கைக்குழந்தைகளைப் பார்க்கிற பிள்ளைக்காம்பராவின் குடிதண்ணீர்ப் பீப்பாய்கள் இரண்டு வந்தன. வந்தவர்கள் ஒவ்வொருவரும் வாசலில் நின்று இருமிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் இருமி, அவளுக்குப் பின்னால் வந்த கிழவர் இருமி, பீப்பாய் தூக்கியவர்கள் இருமி, கோயிலுக்குள் போகிறவர்கள் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு வந்தார்கள். ஈரக் கம்பளியில் சுற்றித்தான் பிடித்தோம். சின்ன தொரை அடங்கிவிட்டது. பெரிய தொரை என் நெஞ்சில் வாலால் அறைந்த அடி ஒரு வாரம் கன்றிப்போயிருந்தது. எனக்கு அது வேண்டியதாகத்தான் இருந்தது.

லொறியில் ஐயா பீப்பாய்களுக்கு நடுவே உட்கார்ந்து, இரண்டுக்குள்ளும் இரண்டு கையை விட்டபடி வந்தார். ஹோட்டலில் நாலு பக்கமும் கண்ணாடி, பளீரென்ற விளக்கு, ரேடியோவில் பாட்டு, வாசலில் பஸ் ஹோர்ன். விட்ட மறுநிமிசம் இரண்டும் நாலு பக்கமும் போய் இடித்தன. ஐயா ஒன்றும் கேட்காமல் கல்லாவுக்குப் பக்கத்தில் கிடந்த பழைய பேப்பர்களை எடுத்து, சோற்றுப் பசையால் மூன்று பக்கமும் ஒட்டினார். ரேடியோவைப் பார்த்தார். ஹாஜியார் தானே எழுந்துபோய் அதை நிறுத்தினார். "மூணு நாளைக்கு ரேடியோ இல்ல" என்று பையன்களுக்குச் சத்தம் போட்டார். நல்ல மனுசன்.

அடுத்த கிழமை ஐயாவும் அம்மாவும் போய்விட்டார்கள். பதுளையில் அம்மாவுக்குத் தூரத்து உறவான ஒருவரின் மூடிக்கிடந்த தையல் கடைக்குப் பின்னால் ஒரு வாடகை அறை. புதிய டிஸ்பென்சர்தான் அவர்களுடைய பெட்டியை பஸ் நிற்கிற இடம்வரை சுமந்து வந்தார். அவருடைய மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அழுதாள். அந்த வீடு வேண்டுமென்று காத்திருந்தவள்தான், ஆனாலும் அழுதாள். ஐயா இறப்பர்க் குழாயை ஒரு பேப்பரில் சுற்றி என்னிடம் தந்தார்.

"ஞாயித்துக்கெழம கால்வாசித் தண்ணி மாத்துங்க தம்பி. மறந்துறாதீங்க."

மறக்கவில்லை. ஆனால் இரண்டாவது மாதம் சின்ன தொரை மூக்குப் புண் ஆறாமல் செத்துப்போனது. அத்தனை கடிதம் அடித்த கையால் அதை மட்டும் எழுத முடியவில்லை. ஒரு ஞாயிறு நான் குழாயும் வாளியுமாக நிற்கிறேன், ஹோட்டல் வாசலில் யாரோ இருமுகிற சத்தம். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்தார்கள். வருத்தக்காரராக்கும் என்று ஹாஜியார் கிளாஸில் தண்ணீரோடு எழுந்தார். ஐயா நின்றுகொண்டிருந்தார். பஸ் மாறி மாறி வந்த களைப்பு. தொட்டியைப் பார்த்தார்.

"எப்ப?"

"ரெண்டாவது மாசங்க."

தலையை ஆட்டினார். எதிர் மேசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் பராட்டா தின்றுகொண்டிருந்த ஒரு சிங்களக் குடும்பம் அது என்ன மீன் என்று கேட்டது. ஐயா முதலிலிருந்து எல்லாவற்றையும், சுறா என்று நம்பியதையும் சேர்த்து, சிங்களத்தில் சொன்னார். அவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பின்னேர பஸ்ஸுக்குப் போகும்போது, "தண்ணி நல்லாத்தான் வச்சிருக்கீங்க" என்றார். மொத்தம் மூன்று தரம் வந்திருப்பார். பிறகு முழங்கால் விடவில்லை.

சில வருசங்களில் நானும் தோட்டத்தை விட்டுக் கொழும்பில் வேலை தேடிக்கொண்டேன். ஒரு வருசம் கழித்துப் போனபோது ஹோட்டல் இருந்த இடத்தில் கைத்தொலைபேசிக் கடை. ஹாஜியார் படுக்கையில். பெரிய தொரையை இரத்தினபுரியில் யாரோ கேட்டார்கள், கொடுத்துவிட்டோம் என்றார் மகன். யாரென்று அவருக்கு ஞாபகமில்லை. இரத்தினபுரியில் இறங்கி நாலு இடத்தில் விசாரித்தேன். அன்றைக்கும் கால்தான் நடந்தது, ஒன்றும் கிடைக்கவில்லை.

ஐயா இறந்த செய்தி எனக்குப் பிந்தித்தான் வந்தது. யுத்தம் முடிவதற்கு முந்திய வருசம், ஒரு வேலையாகப் பதுளைக்குப் போனபோது அம்மாவைத் தேடிப் போனேன். அதே தையல் கடைப் பின்னறை. கண் மங்கியிருந்தார். அடையாள அட்டையைத் தொலைத்துவிட்டாராம். அது இல்லாமல் பஸ் ஏறவே பயந்த காலம். அறை முழுக்க இரண்டு எட்டுத்தான், அதற்குள் நான் வந்ததிலிருந்து எதையோ எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். கடைசியில் ஒரு படிவத்தைத் தேடி எடுத்தார்.

"நீங்கதானே கிளாக்கர். நெரப்பிக் குடுங்க தம்பி."

பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம் எல்லாம் எழுதினேன். நிரந்தர முகவரி என்று ஒரு கோடு. இந்தக் கடை என்ன நம்பர் என்று கேட்டேன். அம்மா தோட்டத்தின் பெயரைச் சொன்னார். "டிஸ்பென்சர் குவாட்டர்ஸ், கஹவத்தைன்னு எழுதுங்க."

"அம்மா, இப்ப இருக்கிற எடத்தத்தான் போடணும்."

"இது வாடக எடம் தம்பி. நாளைக்கே எழும்பச் சொன்னா எழும்பணும். நிரந்தரமான்னு கேட்டா அதத்தானே சொல்லணும்? அங்கதான் பத்தொம்பது வருசம் இருந்தோம்."

எழுதினேன். கந்தோரில் அதை ஏற்கமாட்டார்கள், கோடு கிழித்து மாற்றச் சொல்வார்கள் என்று தெரியும். தெரிந்தே எழுதினேன். வாசிக்கச் சொன்னார், வாசித்துக் காட்டினேன்.

அதற்கு முந்திய வருசம், றக்வானைக்கு ஒரு சாவுக்குப் போகிற வழியில் நான் அந்தத் தோட்டத்தில் இறங்கி நடந்திருந்தேன். மருந்துச்சாலை பூட்டிக் கிடந்தது. இப்போது டிஸ்பென்சர் என்று யாரும் இல்லை, வருத்தமென்றால் ஆட்டோவில் டவுன் ஆஸ்பத்திரிக்குத்தான் என்றார்கள். குவாட்டர்ஸின் கூரைத் தகடு முதலில் போயிருக்கிறது, பிறகு கதவு நிலைகள், பிறகு சுவர்க் கல். நிலத்தைச் சமப்படுத்தி இறப்பர்க் கன்று நட்டிருந்தார்கள், இடுப்பளவு உயரத்தில். எது முன்னறை, எது குசினி என்று நின்று நின்று பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை.

நான் அந்த முகவரியை வாசித்து முடிக்கும்வரை அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். கைகள் மடியில் அசையாமல் இருந்தன.

"இன்னொருக்கா வாசிங்க தம்பி" என்றார்.

வாசித்தேன்.